முரசுக்கு அக்கா வருவாள்

யோவில், ஜோஹன்னஸ்பர்க்
9 பிப்ரவரி 1997

அன்புள்ள முலாலோ அக்காவுக்கு,

ந்தா! நம் ஆண்பிள்ளை வணக்கம், இரண்டு கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நம்பு. முழங்கால் எப்படி இருக்கிறது? மவேலாவில் மழை உண்டா? இங்கே எல்லாரும் சுகம்.

ஒரு டச்சுக் கம்பெனி என் பெயரில் தனியாக ரெக்கார்டு போடப்போகிறது. பதினைந்து வருஷமாக அடுத்தவர் பாட்டுக்கு ஓரமாக நின்று வாசித்தவன் நான். ஒருவருக்குக் கித்தார், ஒருவருக்கு வில் வாத்தியம், ஒருவருக்கு சாக்ஸபோன். "ரெண்டானியக் கூப்புடு, எதக் குடுத்தாலும் வாசிப்பான்" என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். இந்தத் தடவை அட்டையில் என் மூஞ்சி.

பத்துப் பாட்டு. ஒன்பதில் சுரைக்குடுக்கை வில், பல்லில் வைத்து உரசும் வில், கட்டைவிரலால் மீட்டும் இம்பிலா எல்லாம் நானே. பத்தாவது நம் சிகோனா, இருபத்து நான்கு குழலோடு. ஆளுக்கு ஒரு குழல், குழலுக்கு ஒரே ஒரு சுரம், அவரவர் முறை வரும்போது ஊதிவிட்டு வட்டத்தில் ஆடிக்கொண்டே போவார்கள் என்று கம்பெனிக்காரருக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆனது. சுரங்கத் தொழிலாளர் விடுதியில் ஞாயிறுதோறும் ஆடும் நம் ஆட்களைப் பேசிவைத்துவிட்டேன்.

"முரசு யாரு?" என்றார். "எங்க அக்கா வருவாங்க" என்றேன். "அவங்க எந்த பேண்டு?" "பேண்டு இல்ல, பள்ளிக்கூடத்துல சமையல்." மனுஷன் சிரித்தார். நீ கம்பை எடுக்கும்போது அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று பார்க்கத்தானே போகிறேன்.

ஈஸ்டர் முடிந்ததும் தயாராக இரு. பஸ் விவரம் எழுதுகிறேன்.

உன் தம்பி,
ரெண்டானி


மவேலா
25 பிப்ரவரி 1997

என் தம்பி ரெண்டானிக்கு,

ஆ! பெண்பிள்ளை வணக்கம், மண்டியிட்டுச் சொன்னதாக வைத்துக்கொள், முழங்கால் இடம் தரவில்லை. மற்றபடி நலம். மழை வந்தது. வந்து, கோழிக்கூண்டை அடித்துக்கொண்டு போனது.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். ஐந்தாவது தரம் தலைமையாசிரியை அம்மா முன்னால் சத்தமாகப் படித்தேன், லீவு வேண்டுமே. "முலாலோ, நீ போனா இருநூறு புள்ளைங்களுக்கு யாரு களி கிண்டுறது?" என்றார். "கிண்ட ஆள் கெடைக்கும். முரசுக்கு என் தம்பி என்னையத்தான் கூப்புட்டிருக்கான்" என்றேன். எனக்கு இவ்வளவு வாய் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தோவானி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். புருஷன் பெத்துவேல் செத்துப்போனதிலிருந்து அவளுக்கும் பேச ஆள் வேண்டியிருக்கிறது. தண்ணீர்க் குழாயடியில் எனக்கு இப்போது பெயர் ஜோபர்க் மகாராணி. கோடு போட்ட புதுத்துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். ரெக்கார்டில் துணி தெரியாது என்று சொல்லாதே, அடிக்கிறவளுக்குத் தெரியும்.

உன் வீட்டுக்காரி லிண்டிவே எப்படி இருக்கிறாள்? மகள் ஸானெலேக்குப் பல் விழ ஆரம்பித்திருக்குமே. அத்தை வருகிறேன் என்று அவளிடம் சொல். அம்மாவின் சாவுக்கு வந்தபோது இடுப்பில் இருந்த பிள்ளை, ஆறு வருஷம் ஓடிவிட்டது. வந்தால் அவள் கூடத்தான் படுப்பேன்.

அக்கா,
முலாலோ


யோவில்
20 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்கா,

ந்தா! சுகம்தானே? எனக்கும் சுகம்.

ஈஸ்டர் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது, தெரியும். திட்டாதே. ஸ்டுடியோ தேதி தள்ளிப்போய்விட்டது. விடுதி ஆட்களை ஒருநாள் வரவழைத்தேன். நல்ல ஆட்கள்தான். ஆனால் ஒருவர் முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார், நடுவில் ஒருவர் மூக்குப்பொடி போட்டுத் தும்முகிறார். ஒலிப்பதிவு செய்கிற கோபஸ் "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

வூயோ போய்விட்டான். என்னோடு எட்டு வருஷம் பேஸ் கித்தார் வாசித்தவன், எழுதியிருக்கிறேனே. அவன் வாசித்ததில் ஓர் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் சாப்பிடப் போன நேரத்தில் அதை அழித்துவிட்டு நானே வாசித்து வைத்தேன். திரும்பி வந்து கேட்டான். கத்தவில்லை. கித்தாரைப் பெட்டியில் வைத்தான். "நீ நல்லா வாசிக்கிற, ரெண்டானி. எல்லாத்தையும் நீயே வாசிச்சுக்கோ" என்றான். அவ்வளவுதான்.

நான் வாசித்ததுதான் நன்றாக இருக்கிறது. அது அவனுக்கும் தெரியும்.

தேதி முடிவானதும் எழுதுகிறேன். உன்னைத் தவிர வேறு யாருக்கும் அந்த முரசு இல்லை.

ரெண்டானி


மவேலா
4 மே 1997

ரெண்டானிக்கு,

ஆ! நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு நன்றி. நிஜமாகவே ஆவல்தான்.

துணி தைத்து வந்துவிட்டது. பை கட்டி வாசல் பக்கம் வைத்திருக்கிறேன், தினமும் காலில் இடிக்கிறது. எனக்குப் பதிலாகக் களி கிண்ட ஒருத்தியைப் பழக்கியும் விட்டேன். தலைமையாசிரியை அம்மா பார்க்கும்போதெல்லாம் "இன்னும் பொறப்படலையா?" என்கிறார். "தேதி வரணும்மா" என்கிறேன். தினம் ஒரே கேள்வி, ஒரே பதில். எங்கள் இரண்டு பேருக்கும் சலித்துவிட்டது.

ஜூனில் சிகோனாப் போட்டி. பதினோரு ஊர். நம் ஊர் ஆட்ட வட்டத்தை நடத்துகிற லிவுவானி அண்ணன் நேரில் வந்து கேட்டார்: "முலாலோ, இருக்கியா போறியா? ஒரு வார்த்த சொல்லு." நீ எந்த நாள் கூப்பிடுவாயோ தெரியவில்லை. "போறேண்ணா" என்று சொல்லி, முரசை ரோஸ்லின் கையில் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவள் நல்லாத்தான் அடிக்கிறாள்.

வூயோவிடம் போய்ப் பேசு. அவன் பெட்டியை மூடிய நேரம் பார்த்து நீ வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பாய், எனக்குத் தெரியாதா?

லிண்டிவே பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. கோபமா அவளுக்கு, நான் வந்து தங்குவதில்?

அக்கா


மவேலா
22 ஜூன் 1997

ரெண்டானி,

ஆ! பதில் இல்லாததால் இது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போட்டியில் நம் ஊர் ஜெயித்தது. காளை கொடுத்தார்கள். முரசை ரோஸ்லின் அடித்தாள். ஆடி முடித்துப் பசியோடு வந்தவர்களுக்கு நான் களி போட்டேன்.

இங்கேயே குளிர் அதிகம். கம்பளி போட்டுக்கொள்.

முலாலோ


யோவில்
19 ஜூலை 1997

அன்புள்ள அக்கா,

ந்தா! உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை தலைக்கு மேல் இருந்தது. காளைக்கு வாழ்த்துகள்.

ரெக்கார்டு முடிந்துவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. இரும்புக் குழாயை அறுத்து இருபத்து நான்கு குழலும் நானே செய்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு குழலை எடுத்து, அதன் ஒற்றைச் சுரத்தை மட்டும் பாட்டு முடியும்வரை ஊதினேன். அப்புறம் முதலிலிருந்து அடுத்த குழல். அப்புறம் அடுத்தது. பதினோரு நாள். நேற்று ஊதிய நான் காதுக்குள் கேட்க, இன்றைய நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆறாவது குழலில் லிவுவானி அண்ணன் இழுக்கிற மாதிரி இழுத்தேன். பதினான்கு பெத்துவேல் அண்ணனுடையது. அவர் கடைசியில் கொஞ்சம் விக்குவாரே, அதுவும் வைத்தேன். கோபஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நடுவில் ஒருதரம் மைக்கில் "தனியா ஊதுறியே, தல சுத்தலையா?" என்று கேட்டார். சுற்றியது.

முரசும் நானே அடித்துவிட்டேன். உன் முழங்காலோடு ஏழு மணி நேரம் பஸ்ஸில் அலையவைக்க வேண்டாமே என்றுதான்.

கேஸட் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது. உன் வார்த்தைதான் எனக்கு முக்கியம்.

ரெண்டானி


மவேலா
30 ஆகஸ்ட் 1997

ரெண்டானிக்கு,

ஆ! கேஸட் வந்து மூன்று வாரம் ஆகிறது. நலம்.

நான் தனியாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து டேப்பை முற்றத்தில் வைத்தோம், வட்டத்து ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆளாளுக்குத் தன் குழலைத் தேடினார்கள். "ஏய், அது நான்டா!" என்று லிவுவானி அண்ணன் குதித்தார். "நீ எங்க இவ்ளோ சரியா ஊதுன? தூங்கி வழிவியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வயிறு வலிக்கச் சிரித்தோம். பதினான்காவது குழல் விக்கியபோது தோவானி எழுந்து டேப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாட்டு முடியும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. "என் வீட்டுக்காரன் ஊதுறான்" என்றாள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

பாட்டு முடிந்தது. "எல்லாம் இருக்கு. கால் சத்தம் எங்க?" என்று லிவுவானி அண்ணன் கேட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அதில் ஒருத்தரும் இருமவில்லை. ஒருத்தரும் பிந்தி வந்து பக்கத்து ஆளிடம் திட்டு வாங்கவில்லை. இருபத்து நான்கு பேர் ஊதுகிறார்கள், ஒருவன்கூட இன்னொருவனைப் பார்க்கவில்லை. கேட்கக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. எந்த அறையில், எப்படி உட்கார்ந்து ஊதினாய் நீ?

"பொம்பளைங்க முரசயுமா இவனே அடிச்சான்?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தான் முழங்கால் வலின்னு வரலன்னுட்டேன்" என்று சொன்னேன்.

முரசு சரியாக இருக்கிறது. ஓர் அடிகூடத் தப்பவில்லை.

பையை அவிழ்த்துவிட்டேன். எனக்கு வருத்தம், ரெண்டானி. அதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை. முழங்காலைச் சொல்லாதே. முழங்காலோடுதான் இத்தனை வருஷம் அடித்தேன்.

முலாலோ


யோவில்
21 செப்டம்பர் 1997

அக்கா,

ந்தா. தலை நிமிராமல்தான் சொல்கிறேன்.

ரெக்கார்டு நன்றாகப் போகிறது. பேப்பரில் எழுதினார்கள். போன வெள்ளி வெளியீட்டுக் கச்சேரி. ஒன்பது பாட்டுக்கு ஒவ்வொரு வாத்தியமாக மாற்றி மாற்றி வாசித்தேன், கைதட்டல். பத்தாவதற்கு டேப்பைப் போட்டார்கள். மேடையில் நான் ஒருவன், கையில் ஒரு குழல். டேப்பில் இருபத்து நான்கும் இருக்கிறது. நான் எதை ஊதுவது? எந்தக் குழலை ஊதினாலும் அங்கே ஏற்கெனவே நான் இருக்கிறேன். கடைசியில் வாயில் வைத்து ஊதுகிற மாதிரி நடித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எழுந்து நின்று தட்டினார்கள்.

மூன்றாவது வரிசையில் வூயோ இருந்தான். பத்தாவது பாட்டு பாதியில் எழுந்து போய்விட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வட்டம் அடுத்து எப்போது ஆடுகிறது? சும்மாதான் கேட்டேன்.

ரெண்டானி


மவேலா
10 அக்டோபர் 1997

தம்பி ரெண்டானிக்கு,

ஆ! இப்போது நலம், உன் கடைசி வரியைப் பார்த்தபிறகு.

நவம்பர் 8, சனிக்கிழமை. புது ஊர்த்தலைவரைப் பதவியில் உட்காரவைக்கிறார்கள். காலை பத்து மணிக்கு வட்டம் கூடும். சும்மா கேட்டாய், நானும் சும்மா சொல்கிறேன்.

உன் இடம் காலியாக இல்லை, பொய் சொல்ல மாட்டேன். அதில் பத்து வருஷமாகக் கடைக்காரர் சாமுவேல் ஊதுகிறார். லிவுவானி அண்ணனிடம் கேட்டேன். "வரட்டுமே. ஒரு கொழல் குடுக்கலாம். ஆனா ஒண்ணுதான்னு சொல்லிரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முரசு என்னிடம் திரும்பிவிட்டது. ரோஸ்லின் பெருந்தன்மைக்காரி.

லிண்டிவே பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன், கவனித்திருப்பாய். நீயாகச் சொல்லும்போது சொல். சொல்லாவிட்டாலும் வா. கையில் எந்த வாத்தியமும் எடுத்துக்கொள்ளாமல் வா.

அக்கா,
முலாலோ


யோவில்
16 நவம்பர் 1997

அக்கா,

ந்தா.

நான் வந்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, சிபாசாவில் தெரிந்தவர் வீட்டில் படுத்து, சனிக்கிழமை காலை மவேலாவுக்கு நடந்தே வந்தேன். பந்தலுக்குக் கம்பு கொண்டுவந்த லாரி ஒன்று நின்றதே, அதற்குப் பின்னால் நின்றேன். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஆரம்பித்துவிட்டீர்கள்.

சாமுவேல் அண்ணன் பிந்தினார். பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். இரண்டு பேரும் ஊதிக்கொண்டே சிரித்தார்கள். என் கை துறுதுறுத்தது. அந்த இடத்தை அழித்துவிட்டு நானே வாசிக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது, அக்கா. அது தோன்றியதும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

இதையும் எழுதிவிடுகிறேன். லிண்டிவே போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஸானெலேவைக் கூட்டிக்கொண்டு டர்பனில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உனக்கு முதல் கடிதம் எழுதி "எல்லாரும் சுகம்" என்றேனே, அப்போதே வீட்டில் நான் ஒருவன்தான். நீ வந்தால் ஸானெலே கூடப் படுப்பேன் என்று எழுதினாய். உன்னை எந்தக் கட்டிலில் படுக்கவைப்பது? அதனால்தான் தேதி எழுதவில்லை. இன்னொன்றும் உண்டு. என்னோடு வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒருநாள் பெட்டியை மூடுகிறார்கள். நீயும் கம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனால் எனக்கு அதற்குமேல் ஆள் இல்லை. கூப்பிடாமல் இருந்தால் போகவும் மாட்டாய் அல்லவா?

அன்றைக்கு முரசு நிற்கவே இல்லை. இவ்வளவு நேரம் நீ அடித்து நான் கேட்டதில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன். முடிகிறபாடாக இல்லை. நடுவில் போய் நிற்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன். நீ அப்போதும் அடித்துக்கொண்டிருந்தாய். சாலை திரும்பும்வரை கேட்டது.

மன்னித்துவிடு.

ரெண்டானி


மவேலா
29 நவம்பர் 1997

ரெண்டானி,

ஆ! உடம்பு எப்படி என்று கேட்கப்போவதில்லை, கண்ணாலேயே பார்த்துவிட்டேன். இளைத்துவிட்டாய். நீலச் சட்டைக்கு ஒரு பொத்தான் இல்லை.

முரசுக்காரி நிற்கிற இடத்திலிருந்து எல்லாம் தெரியும். முதல் சுற்றிலேயே லாரிக்குப் பின்னால் உன் தலை தெரிந்தது. கூப்பிடப் போனால் கை நின்றுவிடும். கை நின்றால் குழல் நின்றுவிடும். முரசு ஓயும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது, ஊதுகிறவனும் சரி, வேடிக்கை பார்க்கிறவனும் சரி. அது உனக்கும் தெரிந்ததுதானே என்று நம்பினேன். அதனால் நிறுத்தவில்லை.

லிவுவானி அண்ணன் முடித்துவிடு என்று கண்ணைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்னொரு சுற்று போனது. அப்புறம் இன்னொன்று. புதுத் தலைவர் நாற்காலியில் நெளிந்தார். சாமுவேலுக்குக் குழல் ஊதக் காற்று இல்லை. "ஏய் முலாலோ, எங்களக் கொல்லப் பாக்குறியா?" என்று கத்தினார்கள். ஏழு சுற்று அடித்தேன். நிறுத்தினால் போய்விடுவாய், அடித்துக்கொண்டே இருந்தால் இருப்பாய், அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. உள்ளங்கை கிழிந்து கம்பு வழுக்கியது. கடைசியில் தோவானி வந்து கம்பைப் பிடுங்கினாள். நிமிர்ந்து பார்த்தேன். லாரி மட்டும் இருந்தது.

சாலை வரைக்கும் ஓடினேன், இந்த முழங்காலோடு. பஸ் போய்விட்டிருந்தது.

நாங்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம் என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் அத்தனை பேரும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உன்னைப் பிடித்துவைத்திருந்தேன்.

அக்கா,
முலாலோ